இது நிக்கல் என்று சொன்னேன்

நான் பொய்யன் என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நமசிவாயத்தார் கதை சொல்லுவார் என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எழுபத்தாறு வயது வரைக்கும் நான் யோசித்தது கிடையாது. போன வைகாசியில் ஒரு ரேசர் வந்து என்னை யோசிக்க வைத்தது. அதிலிருந்து நித்திரை குறைவு.

கரவெட்டியில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்து, தோட்டம் கொத்த உடம்பு வளையாமல் பஞ்சிப்பட்டுக் கப்பலுக்குப் போனவன் நான். இருபத்திரண்டு வருடம் கிரேக்கக் கப்பல்களில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டேன். மற்றவர்கள் ஊருக்கு வரும்போது ரேடியோவும் சேலையும் கொண்டுவந்தார்கள். நான் ரேசர் கொண்டுவந்தேன். பிளேட் மாட்டி முகம் வழிக்கிற, கையில் வைத்தால் பாரம் தெரிகிற பழைய மாதிரி ரேசர். பதினொன்று இருக்கின்றன. வடிவம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மேற்பூச்சுத்தான் வேறு வேறு.

பூச்சைப் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால் பஸ் போனாலும் ஆட்கள் ஏற மாட்டார்கள். குரோம் பூசியது கண்ணாடி மாதிரி. மத்தியதரைக் கடலில் ஒருநாள் நான் கப்பல் ஓரத்தில் நின்று முகம் வழித்துக்கொண்டிருந்தபோது, என் குரோம் ரேசரின் வெளிச்சத்தைக் கண்டு எட்டு மைல் தள்ளி நின்ற கப்பல் ஒன்று பதில் வெளிச்சம் அடித்தது. நான் தாடையை முடித்து மேலுதட்டுக்கு வருவதற்குள், நாங்கள் ஏற்றிப்போன கோதுமை முழுவதையும் ரேசர் பேசி விற்றுவிட்டது. கப்டன் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஸ்டீல் ரேசருக்குப் பூச்சே கிடையாது, அதன் தோலே அதுதான். என்னுடையது செங்கடலில் விழுந்து, அடுத்த வருடம் ஒரு சீலா மீனின் வயிற்றிலிருந்து துருவில்லாமல் கிடைத்தது. மீனுக்குத் தாடி கிடையாது என்பார்கள். அந்த மீனுக்குக் கிடையாதுதான், நான் தடவிப் பார்த்தேன். நிக்கல் பூச்சு வேறு சாதி. குரோம் நீலம் கலந்த வெள்ளை, நிக்கல் மஞ்சள் கலந்த வெள்ளை. உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மென்மையான தோலுக்கு அதுதான் நல்லது. மினுக்கம் இல்லாத மங்கல் பூச்சு, விடியக் காலையில் தன் முகத்தைப் பார்க்க விரும்பாதவர்களுக்கு.

இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பின்னேரம் தனியாக வந்து தங்கள் தோலுக்கு எது நல்லது என்று கேட்பார்கள். கப்பல் வேண்டுமானால் கதையாக இருக்கட்டும், பூச்சு விசயத்தில் நமசிவாயத்தார் விண்ணர் என்று அவர்கள் கணக்கு. ஓய்வுபெற்ற தபாலதிபர் வாகீசன் என் சொல்லைக் கேட்டுத் தன் தகப்பன் பாவித்த குரோம் ரேசரைக் கிணற்றுக்குள் எறிந்துவிட்டு நிக்கலுக்கு மாறினார். கொடிகாமத்திலிருந்துகூட ஆள் வந்திருக்கிறது. எனக்கு வேறு பெருமை ஒன்றும் கிடையாது. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. இந்தப் பெருமை ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து நீர்வேலிக்குத் தங்க ரேசர் வந்தது.

நீர்வேலியில் என் தங்கச்சி பாலேஸ்வரி இருக்கிறாள். புருசன் தியாகலிங்கம், வாழைத் தோட்டக்காரர். அவர்களின் மகன் கிருஷாந் கனடாவில். தகப்பனின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவன் தங்க முலாம் பூசிய ரேசர் ஒன்றை வெல்வெட் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டான். தியாகலிங்கம் அதால் முகம் வழிக்கவில்லை. தங்கம் அல்லவா. வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவில் வைத்தார். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, நமசிவாயத்தாரிடம் தங்கம் இருக்கிறதோ என்று கேட்டார்கள். தங்கம் கழுத்துக்கு, தாடைக்கு அல்ல என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் எரிந்தது. நாற்பது வருடமாக நான் கட்டியெழுப்பிய இராச்சியத்தை ஒரு தபால் பொதி வந்து கவிழ்த்துவிட்டது.

சித்திரைக் கடைசியில் தியாகலிங்கத்தின் தமையன் காலமானார். கலியாணம் கட்டாத மனிதர், தம்பி வீட்டிலேயே இருந்தவர். செத்தவீட்டிலிருந்து முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி வரைக்கும் அந்த வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. கோயில் இல்லை, மச்சம் மாமிசம் இல்லை, ஆண்கள் முகம் வழிப்பதும் இல்லை. எனக்குத் துடக்கு இல்லை, நான் பெண் எடுத்த பக்கமும் அல்ல, கொடுத்த பக்கம். ஆனாலும் துக்கம் கேட்க வருகிறவர்களோடு கதைக்க ஒரு ஆள் வேண்டுமே என்று தங்கச்சி கேட்டதால் போய்த் தங்கினேன். குசினி வேலை, கூட்டித் துடைக்கிற வேலை எல்லாவற்றையும் கமலாவதி பார்த்தாள். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவள். புருசன் இல்லை. மகள் தாரிகா உயர்தரம் படிக்கிறாள், நல்லூருக்கு டியூசனுக்குப் போகிறாள். கமலாவதி அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம்.

பதினேழாம் நாள் காலையில் தங்கச்சியும் தியாகலிங்கமும் வாழைக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார்கள். கண்ணாடி அலுமாரிக்குப் பூட்டு இல்லை.

முகமே வழிக்காத வீட்டில் ரேசரைத் தேட யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் யோசனை. முப்பத்தொரு நாளில் பதினாலு நாள் மிச்சம். அப்படி ஒரு வசதி இனி வராது. பெட்டியோடு எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். புது பிளேட் போட்டேன். சவர்க்காரம் பூசி, தங்கத்தால் முகம் வழித்தேன். எப்படி வழித்தது என்று கேட்டால், அதை நான் அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

கழுவிக் கிணற்றுக் கட்டில் வெயிலுக்கு வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனதுதான் முதல் பிழை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர். காய்ந்தால் வெள்ளை படியும். வந்து பார்த்தேன், தங்கத்தின் மேல் அம்மை போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. குசினிக்குப் பின்னால் கமலாவதி விளக்குத் தேய்க்கிற சாமான்கள் இருந்தன. ஒரு சிரட்டையில் பழப்புளி, ஒரு பேணியில் செங்கல் இடித்த செங்கட்டித் தூள், கொஞ்சம் தென்னந்தும்பு.

உலோகப் பூச்சைப் பற்றி நாற்பது வருடம் கதைத்தவன் நான். தங்க முலாம் என்பது மூச்சுக்காற்றின் தடிப்பில்தான் இருக்கும் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மஞ்சளாக ஒன்று கறைபட்டு நின்றால் யாழ்ப்பாணத்துக் கை என்ன செய்யும்? புளியைத் தொடும். தூளைத் தொடும். குத்துவிளக்கை நினைத்துக்கொண்டு தேய்க்கும். நான் கமலாவதியைவிட நன்றாகத் தேய்த்தேன். புள்ளிகள் போய்விட்டன. சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். கழுவினேன். அருமையாக மின்னியது. ஆனால் வெள்ளையாக மின்னியது.

தங்கத்துக்குக் கீழே நிக்கல் பூசியிருப்பார்கள். அதுதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் வைத்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பதினாலு நாளுக்குள் என்னவும் நடக்கலாம், நானே செத்துப்போகலாம் என்று எனக்கு நானே ஆறுதல் சொன்னேன். சாகவில்லை. சாப்பாடும் நன்றாகத்தான் இறங்கியது. அதைத்தான் இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இருபத்தெட்டாம் நாள் காலை, அந்தியேட்டியன்று அதால்தான் முகம் வழிக்கப் போவதாகவும் மகன் அதைப் போனில் பார்க்கப் போகிறான் என்றும் சொல்லிக்கொண்டு தியாகலிங்கம் பெட்டியைத் திறந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

துக்கம் கேட்க வந்த அயல் பெண்கள் இரண்டு பேர் விறாந்தையில் இருந்தார்கள். தங்கச்சி ஓடிவந்தாள். தியாகலிங்கம் ரேசரை என் கையில் தந்து, இதுகளைப் பற்றித் தெரிஞ்ச ஆள் நீர்தான், பார்த்துச் சொல்லும் என்றார். நான் வாங்கினேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாரும் என் வாயைப் பார்த்தபடி நின்றார்கள், எனக்கு அந்தப் பார்வை பழகிப்போன பார்வை. கையில் வைத்து நிறை பார்த்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மூச்சை ஊதி, ஆவி எப்படிப் போகிறது என்று பார்த்தேன்.

"இது நிக்கல்" என்று சொன்னேன்.

முழு உண்மை. என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளிலே அதைப்போலக் கெட்டது வேறு இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் தன்பாட்டில் நடந்தது. தங்க ரேசரை எடுத்துவிட்டு யாரோ சந்தையில் விற்கிற சாதாரண ரேசர் ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்று தங்கச்சி முடிவு கட்டினாள். அலுமாரியைத் தூசு தட்டுகிறது யார்? ஒரு ஆள்தான். தங்கச்சி கெட்டவள் அல்ல, ஆனால் ஒரு மாதம் சரியாக நித்திரை கொள்ளாத பெண். கமலாவதியைக் கூப்பிட்டு அந்த இரண்டு பெண்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

கமலாவதி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். ரேசரைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"நான் எடுக்கேல்லை அம்மா" என்றாள். அடுப்பில் இருந்த கறியை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாக்குகள் விறாந்தையிலிருந்து எழும்பி வெவ்வேறு ஒழுங்கைகளில் போயின. அன்று பின்னேரமே நல்லூர் டியூசனில் ஒரு பிள்ளை தாரிகாவிடம், உங்கட அம்மா தங்கம் எடுத்தவவாமே என்று கேட்டுவிட்டது. அடுத்த நாள் தாரிகா டியூசனுக்குப் போகவில்லை. சோதனைக்கு ஆறு கிழமை இருந்தது. இதைத் துக்கம் கேட்க வந்த ஒருவர் எனக்கே சொன்னார், ஏதோ சுவாரசியமான செய்தி போல.

அன்றிலிருந்து நான் முகம் வழிக்கவில்லை. என் நிக்கல் ரேசரைக் கையில் எடுத்தால் கை கூசியது. வெள்ளை மயிர் முள்ளுமுள்ளாக எட்டிப் பார்த்தது. வருகிறவர்கள், துடக்கே இல்லாத மனிதர் மச்சானுக்காகத் துக்கம் காக்கிறார், எப்பேர்ப்பட்ட மனம் என்று என்னைக் காட்டிக் கதைத்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அதற்கும் மெச்சினார்கள்.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம் தங்கச்சியையும் தியாகலிங்கத்தையும் இருத்தி, எடுத்தது நான், வழித்தது நான், தேய்த்தது நான் என்று புளியிலிருந்து செங்கட்டித் தூள் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்துத் தலையை நிமிர்த்தினேன். தியாகலிங்கத்தின் கண் கலங்கியிருந்தது.

"மச்சான், அந்த மனிசிக்காக உப்பிடி ஒரு பழியைத் தலையிலை தூக்கிப் போடுறீரே" என்றார். "உம்மட மனம் ஆருக்கு வரும்?"

நான் சத்தியம் பண்ணினேன். தங்கச்சி மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள்.

"சீலா மீன்ரை வயித்திலை ரேசர் இருந்ததுக்கும் நீங்கள் சத்தியம் பண்ணினனீங்கள் அண்ணை."

எனக்கு அன்று பருப்பு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது. அதைப்போல விழுங்கக் கஷ்டமான பருப்பை நான் சாப்பிட்டதில்லை.

பிறகுதான் ரேசரையே சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று யோசனை வந்தது. கை வழுக்காமல் இருக்கக் கைபிடியில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டுக் கோடுகள் போட்டிருப்பார்கள். தும்பு மேலே மேலேதான் தேய்க்கும். கோட்டு ஆழத்துக்குள் போகாது. என் கண்ணுக்கு அது தெரியவில்லை. தியாகலிங்கத்தின் போனை வாங்கி, கமராவால் பெருப்பித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் தலைமயிர் அகலத்தில் மஞ்சள். என்னிடம் இருந்த நிக்கல் ரேசரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளை. ஒன்று பிறக்கும்போதே நிக்கல், மற்றது உரிக்கப்பட்டு நிக்கல். கிருஷாந்துக்குப் படம் எடுத்து அனுப்பினோம். அவனுக்கு அப்போது விடிய நாலு மணி. ஆனாலும் உடனே போன் எடுத்தான்.

"அப்பா, உது நான் அனுப்பினதுதான்" என்றான். "ஒருத்தரும் மாத்தேல்லை. ஆரோ போட்டுத் தேய்ச்சிருக்கினம்."

எனக்கு மூச்சு வந்தது. இரண்டு தரம்தான் வந்தது. மூன்றாவது வருவதற்குள் தங்கச்சி சொன்னாள், அப்படியென்றால் கமலாதான் விளக்குகளோடு சேர்த்துத் தேய்த்திருக்கிறாள், பாவம், தெரியாமல் செய்ததை நான்தான் களவு என்று நினைத்துவிட்டேன் என்று. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் உடனே சொல்லி அனுப்பினாள், ரேசரைப் பழுதாக்கினதை நாங்கள் மன்னித்துவிட்டோம், நாளைக்கு வரச் சொல்லுங்கோ என்று. நான் இடையில் புகுந்து, தேய்த்தது நான்தான் என்று மறுபடியும் சொன்னேன். போதும் அண்ணை, இனித் தேவையில்லை, அவளுக்கு ஒன்றும் வராது என்றாள் தங்கச்சி, பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. செய்யாத வேலைக்கு எனக்கு மன்னிப்பு வேண்டாம் என்று கமலாவதி சொன்னாளாம்.

முப்பதாம் நாள் காலை அவள் வீட்டுக்கு நடந்து போனேன். வாழைத் தோட்டத்துக்குப் பின்னால், பூசாத கல்வீடு. தாரிகா வாசலில் புத்தகத்தோடு இருந்தாள். என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கமலாவதி வந்து கதிரை எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. பிள்ளை, அந்த ரேசரைத் தேய்த்தது நான் என்றேன்.

"தெரியும் ஐயா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"சிரட்டையிலை இருந்த புளி பாதி இல்லை. பிறகு நீங்கள் வெறும் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து தரேக்கை விரலெல்லாம் செங்கட்டிச் சிவப்பு. முகமும் வழிச்சிருந்தியள். அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நான் சொன்னால், களவும் எடுத்துப்போட்டு வயசான மனிசனிலை பழியும் போடுறாள் எண்டிருப்பினம்." அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான். அண்டைக்கு உங்கட முகத்தைப் பார்த்தனான்தானே. நீங்கள் நிக்கல் எண்டியள்."

கடலில் இரண்டு தரம் புயலில் அகப்பட்டிருக்கிறேன். ஒரு தரம் உண்மையாகவே அகப்பட்டேன். அப்போது கப்பல் கம்பியைப் பிடித்தது போலக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். தங்கச்சிக்குச் சொல்லிவிட்டேன், ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டேன், நம்புகிறார்கள் இல்லை என்றேன்.

"எப்பிடி நம்புவினம்? உங்களை ஆர் பழக்கினது?" என்றாள். பிறகு உள்ளே மகள் இருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். "என்னை நாலு பேருக்கு முன்னாலை கேட்டவை. நீங்களும் நாலு பேருக்கு முன்னாலை சொல்லுங்கோ. சிரிக்கிற மாதிரிச் சொல்லாதேங்கோ."

இதைப்போலக் கஷ்டமான வேலையை எனக்கு ஒரு கப்டனும் தந்ததில்லை. அன்று முழுக்க வாழைகளுக்கு நடுவில் நின்று சொல்லிப் பழகினேன். எப்படிச் சொன்னாலும் கதையாகவே வந்தது. புளி என்கிற இடத்தில் என் புருவம் தானாக மேலே போனது. செங்கட்டித் தூள் என்கிற இடத்தில் ஒரு இடைவெளி விழுந்தது, ஆட்கள் சிரிப்பதற்கு நான் வழக்கமாக விடுகிற இடைவெளி.

முப்பத்தோராம் நாள் காலை கீரிமலையில் கிரியைகள் முடிந்தன. தியாகலிங்கம் அங்கேயே ஆளைக்கொண்டு முகம் வழித்தார், வெல்வெட் பெட்டியை யாரும் வெளியே எடுக்கவில்லை. மத்தியானம் வீட்டு முற்றத்துப் பந்தலில் சாப்பாடு. எழுபது பேருக்குக் குறையாது. வாகீசன் வந்திருந்தார். கொக்குவிலில் மோட்டார்ச் சைக்கிள் திருத்துகிற ஜெயதீபன் வந்திருந்தான், கறுப்புப் பூச்சு ரேசர்தான் இளம் தாடிக்கு நல்லது என்று நான் சொன்னதை நம்பி வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தவன். அந்த இரண்டு அயல் பெண்களும் இருந்தார்கள். கமலாவதியும் மகளும் வந்தார்கள். செத்த மனிதருக்கு ஒன்பது வருடம் சாப்பாடு போட்டவள், அவருடைய அந்தியேட்டிக்கு வராமல் விட மாட்டாள். ஆனால் குசினிப் பக்கம் போகவில்லை. பந்தல் காலடியில் நின்றாள்.

முதல் பந்தி இருந்ததும் நான் எழும்பினேன். ஒரு விசயம் சொல்ல வேண்டும் என்றேன். உடனே எல்லா முகத்திலும் வெளிச்சம் வந்தது. கதை கேட்கிற முகங்கள். சொன்னேன். அலுமாரிக்குப் பூட்டில்லாததைச் சொன்னேன், கிணற்றடியைச் சொன்னேன், அம்மைப் புள்ளியைச் சொன்னேன். புளி வந்த இடத்தில் ஒருவர் சிரித்தார். தங்கம் வெள்ளையான இடத்தில் பந்தலே சிரித்தது. நான் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மரமாக வைத்துக்கொண்டு சொன்னேன். அது இன்னும் மோசம். நான் எப்போதும் முகத்தை அப்படித்தான் வைத்திருப்பேன். வாகீசனுக்குப் புரையேறிவிட்டது. பந்தல் காலடியில் தாரிகா தாயின் கையைப் பிடித்து, வாங்கோ அம்மா போவம் என்று இழுப்பது தெரிந்தது.

அந்த நேரத்தில்தான், நான் எனக்கே சொல்லாமல் வைத்திருந்ததை எடுத்தேன்.

"தங்கத்தாலை வழிச்சனான்" என்றேன். "ஒரு வித்தியாசமும் இல்லை."

சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"நிக்கலாலை வழிச்சாலும் அதுதான். குரோமாலை வழிச்சாலும் அதுதான். வழிக்கிறது பிளேட். பூச்சு முகத்திலை படுகிறதே அரைவாசி நேரம் இல்லை. நாப்பது வருசமாய் நான் உங்களுக்குச் சொன்னது முழுக்கப் பொய். தோலுக்கு ஒரு பூச்சும் இல்லை. அண்டைக்குக் கிணத்தடியிலைதான் எனக்கு அது வடிவாய் விளங்கினது. அந்தக் கோவத்திலைதான் அவ்வளவு போட்டுத் தேய்ச்சனான்."

சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து நின்றது. வாகீசன் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப என்ரை அப்பான்ரை ரேசர்?"

"அதுவும் நல்லாய்த்தான் வழிச்சிருக்கும் வாகீசன்."

"கிணத்துக்குள்ளை எல்லோ எறிஞ்சனான், உம்மட கதையைக் கேட்டு." எண்பது வயது மனிதர், எழுபது பேருக்கு முன்னால் அழப்போகிற மாதிரி இருந்தார். "அவர் விட்டிட்டுப் போனது அது ஒண்டுதான்."

ஜெயதீபன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், செத்தவீட்டுப் பந்தல் என்றும் பார்க்காமல். வேறு இரண்டு மூன்று பேர் ஆளையாள் பார்த்தார்கள். இலையில் சோறு ஆறியது. ஒருவரும் என்னைச் சிரித்துப் பார்க்கவில்லை. என் எழுபத்தாறு வயதில் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தது அன்றுதான். அந்த இரண்டு அயல் பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது:

"அப்ப உண்மையாவே உந்த மனிசன்தான்."

தங்கச்சி சாம்பார் வாளியோடு நடுப்பந்தலில் நின்றாள். என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கமலாவதியிடம் போனாள். கையைப் பிடித்தாள். பிறகு தாயையும் மகளையும் கூட்டி வந்து முதல் பந்தியிலேயே, அந்த இரண்டு பெண்களுக்கும் நேர் எதிரே இருத்தினாள். தானே இலை போட்டாள். தானே தண்ணீர் தெளித்தாள். ஒன்பது வருடம் அந்த வீட்டில் மற்றவர்களுக்குப் பரிமாறியவள், அன்று இலைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். தங்கச்சி சோறு போட்டாள், பருப்பு விட்டாள், பூசணிக்காய்க் கறி வைத்தாள். தாரிகா தாயைப் பார்த்தாள். தாய் கை வைத்த பிறகுதான் அவளும் கை வைத்தாள்.

வாகீசன் சாப்பிடாமல் எழும்பிப் போனார். நான் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசல் படலை வரைக்கும் போனேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஒரு பிழையைக் கழுவப்போய் இன்னொன்றை ஊற்றிக்கொண்டு வந்தேன், இரண்டும் என்னுடையவைதான்.

திரும்பி வந்தபோது இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கமலாவதி கை கழுவிவிட்டு நின்றாள். தங்கச்சி அவளிடம், நாளைக்கு வருவீரோ என்று கேட்டாள். கேட்ட குரல் என் தங்கச்சியின் குரல் போலவே இல்லை.

கமலாவதி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

"அலுமாரிப் பக்கம் நான் போறபோதெல்லாம் நீங்கள் என்ரை கையைப் பார்ப்பியள் அம்மா" என்றாள். "பார்க்க வேண்டாம் எண்டு நினைச்சாலும் பார்ப்பியள். தாரிகான்ரை சோதினை முடியட்டும். யோசிச்சுச் சொல்லுறன்."

தங்கச்சி தலையாட்டினாள். கமலாவதி எனக்கும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். திட்டினாலும் வாங்கிக்கொண்டு போகத் தயாராகத்தான் நின்றேன். அவள் என்னைக் கடந்து போகும்போது கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாள், வயதான ஒருவருக்கு விடுகிற மாதிரி, மரியாதையாக. மகளையும் ஒதுங்கச் சொன்னாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் படலையைச் சாத்திவிட்டுப் போனார்கள்.